ஸ்டேஷன் வரட்டும்

"உங்ககிட்ட ஒன்னு கேக்கணும்."

"கேளுங்க."

"இப்ப இல்ல."

"பின்ன எப்ப?"

"அந்தா, போர்டு நட்டுட்டுப் போயிருக்கானுங்களே, அந்த ஸ்டேஷன் வரட்டும். வந்ததும் கேக்குறேன்."

பின்சந்தின் இரண்டு கரைகளிலிருந்து நடந்த பேச்சு அது. இந்தக் கரையில் கலைமகள், தன் அடுப்படி வாசலில், கையில் கழுவிய தட்டோடு. அந்தக் கரையில் திருச்செல்வம், தன் அடுப்படி வாசலில், தோளில் துண்டோடு. நடுவில் சோப்பு நுரை மிதந்து போகும் சின்னக் கால்வாய். சந்துக்கு அப்பால் இருந்த திடலில் அன்று காலையில்தான் ஒரு லாரி வந்து பலகை ஒன்றை நட்டுவிட்டுப் போயிருந்தது. புதிய பேருந்து நிலையம் விரைவில் இங்கே எழும் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அந்த 'விரைவில்' என்ற சொல்லை நம்பித்தான் அவர் அப்படிச் சொன்னார். அவளும் அதை நம்பித்தான் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

அப்போது திருச்செல்வத்தின் மனைவி இறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மகள் திவ்யதர்ஷினி இரட்டைச் சடை ஆட்டிக்கொண்டு தமிழ்ப்பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். கலைமகளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை, அவள் அம்மா பக்கவாதத்தில் படுக்கையோடு இருந்தாள். நிலையம் வருவதற்குள் எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்துவிடும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். எல்லாம் வந்தது. அம்மா நிம்மதியாகக் கண்ணை மூடினாள். திவ்யா வளர்ந்து, ஈப்போவில் கல்லூரிக்குப் போனாள். நிலையம் மட்டும் வரவில்லை. பலகை துருப்பிடித்தது. லாலாங் புல் அதன் இடுப்புவரை ஏறியது. பலகையின் முதுகில் மைனா கூடு கட்டி, அதன் பேரப்பிள்ளைகளும் அங்கேயே கூடு கட்டின.

தாமான் செரி கெனாங்கா குடியிருப்பில் இருந்தவர்களுக்கு அது ஒரு வேடிக்கைப் பேச்சாகவே ஆகிப்போனது. நடக்காத காரியத்துக்கெல்லாம் 'ஸ்டேஷன் வரட்டும்' என்பார்கள். குடியிருப்பாளர் சங்கத் தலைவர் அப்புசாமியிடம் அவர் மனைவி, "அந்த மீசைய எடுத்தா என்ன, தேங்காத் துருவி மாதிரி குத்துது" என்று அலுத்துக்கொண்டபோது, "ஸ்டேஷன் வரட்டும், எடுத்துடுறேன்" என்றார் அவர், நான்கு பேர் கேட்க. மூலைக்கடை தாவூது பாய், "ஸ்டேஷன் வந்தா தாமானுக்கே நான் இலவசமா தே தாரேக் டீ ஊத்துறேன்" என்றார். பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தும் பேச்சுவார்த்தை இல்லாத முனியாயியும் அவள் நாத்தனார் பவானேஸ்வரியும் தனித்தனியாக ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "ஸ்டேஷன் வரட்டும், அன்னிக்கு நான் போயி அவகிட்டப் பேசுறேன்."

திருச்செல்வம் சொன்னது மட்டும் யார் காதிலும் விழவில்லை. அது கலைமகளுக்கும் அவருக்கும் அந்தக் கால்வாய்க்கும் மட்டுமே தெரியும்.

இன்னொரு சங்கதியும் இருந்தது. அதைத் தாமானில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கலைமகள் வாய்க்கு உறவில்லாத மனிதரே கிடையாது. அப்புசாமி அவளுக்கு மாமா. ரொட்டி வேன்காரர் அண்ணே. கேஸ் தோம்பு கொண்டுவரும் பையன் தம்பி. எதிர்வீட்டுத் திருச்செல்வத்தை மட்டும் அவள் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அண்ணே என்று ஒரு முறை சொல்லிவிட்டால் அது அப்படியே ஒட்டிக்கொள்ளும், பிறகு ஆயுசுக்கும் அண்ணன்தான் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் அவரைக் கூப்பிட வேண்டியிருந்தால் கரண்டியை எடுத்துத் தன் வீட்டுக் கிரில் கதவில் இரண்டு தட்டுத் தட்டுவாள். டங், டங். எதிர்க்கதவு திறக்கும். கறிவேப்பிலைக் கொத்தோ, ஒரு கிண்ணம் மீன் குழம்போ கால்வாயைத் தாண்டிப் போகும். அதைச் சாக்காக வைத்து அரைமணி நேரம் பேச்சு ஓடும். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. சந்தில் உள்ள பெண்களையெல்லாம் தங்கச்சி என்பவர், அவளை மட்டும் 'நீங்க, வாங்க' என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

இத்தனை வருஷமாக அவர்கள் சேர்ந்து காப்பாற்றி வந்தது அது ஒன்றைத்தான்.

பிறகு, எல்லாரும் நம்பிக்கை விட்ட ஒரு வருஷத்தில், திடலுக்குள் மண்வெட்டி இயந்திரம் வந்து இறங்கியது. சுற்றிலும் உயரமாகத் தகரம் அடித்து மறைத்தார்கள். உள்ளே என்ன நடக்கிறதென்று வெளியே தெரியவில்லை. ஆனாலும் வாசல் பெரிய சாலைப் பக்கம்தான் வரும், ஜனங்கள் வீட்டு முகப்புகளைப் பார்த்தபடிதான் போவார்கள் என்று அப்புசாமி அடித்துச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூட்டி கோத்தோங் ரோயோங் என்று கூட்டுவேலை போட்டார். பெயிண்டு வாளியோடு வீட்டுக்கு ஒருவராக இறங்கினார்கள். முன்பக்கச் சுவரெல்லாம் புதுசாயின. கேட்டுக்கு கேட்டு பூந்தொட்டி வைத்தார்கள். திறப்பு நாளைக்கு முதல் நாள் வாழைமரமும் மாவிலைத் தோரணமும் முன்வாசல்களில் ஏறின.

விடிந்ததும் தகரத்தைப் பிரித்தார்கள். வாசல் பின்சந்தைப் பார்த்து இருந்தது.

பார்த்தது மட்டுமா? கூரை போட்ட நடைபாதை நேரே சந்துக்குள் வந்து இறங்கியது. முதல் பேருந்து அலோர் காஜாவிலிருந்து வந்து நின்றது. கைப்பையும் குடையுமாக ஐம்பது அறுபது பேர் இறங்கி, அலங்கரித்த முகப்பு ஒன்றையும் பார்க்காமல், தாமானின் முதுகு வழியாக நடந்து வந்தார்கள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த சாரங்களும், யாருக்கும் காட்டக் கூடாத உள்ளாடைகளும் அவர்களை வரவேற்றன. அப்புசாமி இடுப்பில் துண்டோடு, வாய் நிறைய பற்பசை நுரையோடு, கால்வாய் ஓரத்தில் குந்தியிருந்தார். ஒரு மலாய்ப் பெரியவர் நின்று, நெஞ்சில் கைவைத்து அவருக்கு சலாம் சொன்னார். நுரையைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அப்புசாமி தலையை மட்டும் ஆட்டினார்.

"தலைவரே, வரவேற்புரை நல்லா இருந்துச்சு!" என்று தாவூது பாய் கடையிலிருந்து கத்தினார்.

கலைமகள் தன் அடுப்படியில் நின்று வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தபோது, கிரில் கதவுக்கு வெளியே அலுவலகச் சீருடை போட்ட ஒரு பெண் வந்து நின்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

"காக், புத்து மாயாம் இருக்கா?" என்று மலாயில் இடியாப்பம் கேட்டாள்.

கலைமகள் தினமும் விடியலில் இடியாப்பம் அவித்து கிளேபாங் சாலையோரக் கடைகளுக்கு அனுப்புகிறவள். யாரும் இதுவரை அவள் அடுப்படி வாசலில் வந்து கேட்டதில்லை. ஆவி பறக்க நான்கு எடுத்து இலையில் வைத்து, தேங்காய்ப்பூவும் மலாக்கா வெல்லமும் தூவிக் கொடுத்தாள். அந்தப் பெண் நின்ற இடத்திலேயே பிரித்து ஒரு வாய் போட்டுக் கண்ணை மூடினாள். மறுநாள் கூட இரண்டு தோழிகளை அழைத்து வந்தாள். அந்த வாரம் முடிவதற்குள் கிளேபாங்குக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சவில்லை.

பின்சந்து கண்ணெதிரே முன்சந்தாகத் திரும்பியது. கால்வாய்க்குக் கல்மூடி போட்டார்கள். விளக்குக் கம்பம் வந்தது. தாவூது பாய் அலமாரிகளையெல்லாம் சுழற்றிப் போட்டு, மூட்டை இறக்கும் கதவைக் கடைவாசல் ஆக்கினார். பவானேஸ்வரி சமையலறைச் சன்னலில் 'இங்கே ரவிக்கை தைக்கப்படும்' என்று எழுதி ஒட்டினாள். முனியாயி முன்வாசலில் ஒரு கோலம், பின்வாசலில் ஒரு கோலம் என்று இரண்டு போட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "எது தலைவாசல்னு யாராச்சும் ஒரு முடிவு சொல்லுங்க லா, என்னால முடியல" என்று புலம்பினாள். முழங்கால் வலியென்று வருஷக்கணக்கில் தாமானை விட்டு வெளியே போகாத காந்தன் பெரியப்பா, ஒரு நாள் தானாகவே பேருந்து ஏறி கிளேபாங் கடற்கரைக்குப் போய், தேங்காய் ஷேக் குடித்துவிட்டு, மேலுதட்டில் வெள்ளைக் கோட்டோடு இளைஞனாகத் திரும்பி வந்தார்.

அடுத்து, சொன்ன சொல்லுக்கெல்லாம் தவணை வந்தது. யாரும் யாரையும் விடவில்லை. அப்புசாமியைச் சந்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, எல்லாரும் சுற்றி நிற்க, அவர் மனைவியே கத்தரி பிடித்துத் தொடங்கிவைத்தாள். மீசை போனதும் உள்ளிருந்து ஒரு குழந்தை முகம் வெளிப்பட்டது. அவர் மனைவிக்கு அன்று முழுவதும் சிரிப்பு நிற்கவில்லை. தாவூது பாய் தே தாரேக் ஊற்றிய நாளில் தாமான்காரர்களோடு பேருந்துப் பயணிகளும் வரிசையில் நின்றுவிட்டார்கள். "பரவால்ல, அவங்களும் நம்ம ஸ்டேஷன் ஆளுங்கதானே" என்று அவர் தேநீரை முழங்கை நீளத்துக்கு இழுத்து ஆற்றினார். முனியாயி ஒரு தட்டு கேசரியோடு வாசல் தாண்டும்போது, பவானேஸ்வரி ஒரு தட்டு கேசரியோடு எதிரே வந்தாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். யார் கேசரியில் நெய் கம்மி என்று அடுத்த வாரமே சண்டையும் வந்தது. ஆனால் பேசிக்கொண்டே போட்ட சண்டை.

ஒருவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

திருச்செல்வம் இத்தனை நாளும் தொழிற்சாலைக்கு ஆளேற்றும் கிலாங் பஸ் ஓட்டியவர். நிலையம் வந்ததும் லூபோக் சீனா தடத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. வெளிர்நீலச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு காலையில் சந்தில் நடந்து வருவார். கலைமகள் இப்போது இடியாப்பம் விற்கும் அடுப்படிச் சன்னலுக்கு நேரே வரமாட்டார். வரிசையின் கடைசியில் போய் நிற்பார். அவர் முறை வரும்போது இரண்டு விரலைக் காட்டுவார்.

"ரெண்டு."

"தேங்காப்பூ?"

"ம்."

அவ்வளவுதான். பின்னால் நிற்கும் பெண் கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள். அவர் நகர்ந்துவிடுவார். அரைமணி நேரப் பேச்சு இரண்டு விரலாகச் சுருங்கிப்போனது. கரண்டியால் கிரில்லைத் தட்டினால் இப்போது ஐந்து பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். கால்வாய்க்கு மேல் கல் போட்டதைப் போல அவர்கள் பேச்சுக்கு மேலும் ஏதோ போட்டு மூடிவிட்டார்கள் என்று கலைமகளுக்குத் தோன்றியது. எந்த நிலையத்துக்காகக் காத்திருந்தாளோ, அதுவே வந்து இருந்ததையும் எடுத்துக்கொண்டு போய்விட்டதோ?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தானாகவே பலகையும் துளைபோடும் கருவியுமாக வந்தார். "சன்னல்ல தட்டு வைக்க இடமில்லாம சிரமப்படுறீங்களே" என்று சொல்லி, அகலமாக ஒரு மேடை பொருத்தித் தந்தார். அவள் பக்கத்திலேயே நின்றாள். சந்தில் அதிசயமாக ஆள் நடமாட்டம் இல்லை. அவர் நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"வந்து... உங்ககிட்ட..."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்ககிட்ட ஸ்குரூடிரைவர் இருக்கா? என்னுது முனை தேஞ்சிருச்சு."

அன்றைக்கு அவள் ஸ்குரூடிரைவரை எடுத்துக் கொடுத்த வேகத்தில் அது அவர் கையில் குத்தாமல் போனது ஆண்டவன் புண்ணியம்.

அதற்குப் பிறகுதான் முனியாயி அந்தச் செய்தியைக் கொண்டுவந்தாள்.

"கேட்டியா கலை? எதிர்வூட்ட கைப்பேசிக் கடைக்கு வாடகைக்குக் கேக்குறானாம் ஒரு தவுக்கே, பெரிய சீன மொதலாளி. நல்ல வாடகையாம். வர்ற திங்கக்கெழமைக்குள்ள முடிவு சொல்லணுமாம். ஏன் சொல்லமாட்டாரு? மகளும் வெளியூர்ல. ஒண்டி ஆளுக்கு மூணு ரூம்பு எதுக்கு? அலோர் காஜாப் பக்கம் போயி சின்னதா ஒரு வூடு பாத்துக்குவாரு."

கலைமகள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று ஒரு அடுக்கு இடியாப்பம் தண்ணீர் வற்றிக் கருகியது. அவள் கைப்பக்குவத்தில் அப்படி நடந்ததே இல்லை. எதிர்க்கதவைப் பார்த்தாள். பச்சைக் கதவு, கைப்பிடிக்குப் பக்கத்தில் திவ்யா சின்ன வயசில் ஒட்டிய பட்டாம்பூச்சிப் படம். அங்கே கண்ணாடி அலமாரியும் கண்ணைக் குத்தும் விளக்கும் வந்தால் அவள் யாரைப் பார்த்துக் காலையில் கதவைத் திறப்பாள்?

சனிக்கிழமை திவ்யாவே வந்து இறங்கினாள். ஈப்போவிலிருந்து ரயில், ரயிலடியிலிருந்து பேருந்து, பேருந்திலிருந்து நேரே கலைமகளின் சன்னல்.

"ஆன்ட்டி, பசியாறல் இருக்கா? பசி உயிர் போவுது லா."

"ஒங்கப்பாவப் பாத்தியா முதல்ல?"

"அவரு எங்க ஓடுவாரு? முதல்ல சோறு."

உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்து, அவள் நான்காவது இடியாப்பத்தைப் பிட்டபோது கலைமகள் கேட்டுவிட்டாள். பாத்திரம் துலக்கிக்கொண்டே, முகத்தைக் காட்டாமல்தான் கேட்டாள்.

"வூட்ட வாடகைக்கு விடப்போறீங்களாமே?"

"யாரு சொன்னா?"

"சந்தே சொல்லுது."

திவ்யா கையை நக்கிக்கொண்டு சிரித்தாள். "அந்தத் தவுக்கே வந்தப்ப நான் போன்ல இருந்தேன், எல்லாம் கேட்டுச்சு. அப்பா என்ன சொன்னாரு தெரியுமா? 'எதிர்வூட்ல ஒருத்தங்ககிட்ட நான் ஒன்னு கேக்க வேண்டியிருக்கு. கேட்டுட்டுத்தான் எதுவும் சொல்ல முடியும்'னாரு. தவுக்கேயும், 'சரி, திங்கக்கெழமைக்குள்ள கேட்டுச் சொல்லுங்க'ன்னு போயிட்டாரு. அப்பா கேட்டாரா?"

கலைமகளின் கையிலிருந்து தட்டு நழுவித் தொட்டியில் விழுந்தது.

"ஸ்குரூடிரைவர் கேட்டாரு."

"ஐயோ!" திவ்யா தலையில் அடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, ஏழு வயசுலேர்ந்து ரெண்டு பேரையும் நான் பாத்துட்டு இருக்கேன். என்னைய குருடின்னு நெனச்சீங்களா? அவரு கேக்கலன்னா நீங்க கேட்டா என்ன?"

"கேக்குறேன்னு சொன்னது அவரு. நான் எதுக்குக் கேக்கணும்?"

"ரோஷத்துல ரெண்டு பேரும் நல்ல ஜோடி லா" என்று எழுந்தாள் திவ்யா. போகிற போக்கில் கலைமகளின் தோளில் ஈரக்கையைத் துடைத்துவிட்டுப் போனாள். அந்தப் பெண் சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

மறுநாள், ஞாயிறு, சந்தில் கூட்டு விருந்து. நிலையம் வந்ததைக் கொண்டாட அப்புசாமி ஏற்பாடு செய்தது. வீட்டுக்கு ஒரு குழம்பு. மலாய்க் குடும்பங்கள் ரெண்டாங் கறியும் சீனக் குடும்பங்கள் மீஹூன் சேமியாவும் கொண்டுவந்தன. சந்து நெடுக மேசை போட்டு, மேலே பந்தல் கட்டினார்கள். இந்த முறை வாழைமரங்கள் சரியான பக்கத்தில் நின்றன. கராவோக்கே பெட்டியோடு மைக் வந்தது. பேருந்திலிருந்து இறங்கியவர்களைக்கூட முனியாயி கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "சாப்பிடாம போனா மறுபடி இந்தச் சந்துல வுட மாட்டேன்" என்றாள் அவளுக்குத் தெரிந்த மலாயில்.

கலைமகள் மயில்கழுத்து நிறப் புடவை கட்டியிருந்தாள். திருச்செல்வம் வேட்டியில் வந்திருந்தார். அவர் இந்த மேசை பக்கம் வந்தால் அவள் அந்த மேசைக்குப் போனாள். நாளைக்குத் திங்கட்கிழமை என்பது இருவர் முகத்திலும் எழுதியிருந்தது.

அப்புசாமி மைக்கைத் தட்டினார். மீசை இல்லாத உதட்டைத் தடவிக்கொண்டார். பழக்கதோஷம்.

"இன்னிக்கு ரெண்டு பேருக்கு மரியாதை செய்யப்போறோம். இந்தச் சந்துல எதிர் எதிரா ரெண்டு வூடு இருக்கு. அவரு சம்சாரம் தவறினப்ப அந்தப் புள்ளைக்குத் தலை பின்னி சோறு போட்டது நம்ம கலைமகளு. இவங்கம்மா படுக்கையில கெடந்தப்ப நேரங்காலம் பாக்காம கிலாங் பஸ்ஸ எடுத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டுனது நம்ம திருச்செல்வம். ஒரு வயித்துல பொறக்கலன்னா என்ன? அண்ணன் தங்கச்சின்னா இப்படி இருக்கணும்! அன்புத் தங்கச்சி கலைமகள் தன் கையால, அருமை அண்ணன் திருச்செல்வத்துக்கு, இந்தப் பொன்னாடைய..."

"இல்ல!"

ஒரே சொல், இரண்டு குரல். ஒன்று பாயசப் பானைக்குப் பக்கத்திலிருந்து, ஒன்று பந்தல் காலுக்குப் பக்கத்திலிருந்து. இரண்டும் ஒரே நேரத்தில் வெடித்ததில் மைக்கே ஒரு முறை கீச்சிட்டு அடங்கியது.

யார் கையிலோ இருந்த அப்பளம் நொறுங்கும் சத்தம் கேட்டது.

"என்னா இல்ல?" என்றார் அப்புசாமி, பொன்னாடையைப் பிடித்தபடி, ஒன்றும் விளங்காமல். "பொன்னாடை வேணாமா? மாலை போட்டுடலாமா?"

"மாமா, மீசையோட சேத்து மூளையையும் செரைச்சுப்புட்டாங்களா உங்களுக்கு?" என்றாள் முனியாயி. சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே விளங்கியது. கையை வாயில் வைத்துக்கொண்டு பவானேஸ்வரியைப் பார்த்தாள். பவானேஸ்வரி அவள் கையைக் கிள்ளினாள். குசுகுசுப்பு மேசைக்கு மேசை தாவியது. தாவூது பாய், "அல்லாவே, இத்தன வருசமா நம்ம கண்ணுக்கு எதுத்தாப்புலயே!" என்றார்.

கலைமகளுக்கு முகம் கொதித்தது. திருச்செல்வம் இருந்த பக்கம் பார்த்தாள். அவர் திரும்பி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, விறுவிறுவென்று தன் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார். பச்சைக் கதவு சாத்திக்கொண்டது.

போய்விட்டார். இத்தனை பேர் முன்னால் அவமானப்பட்டுப் போய்விட்டார். நாளைக் காலையில் தவுக்கேயிடம் சரியென்று சொல்லிவிடுவார். அவள் தலையைக் குனிந்துகொண்டு தன் அடுப்படிக்குள் நுழைந்து, இடியாப்பத் தட்டுகளுக்கு நடுவே நின்றாள். வெளியே யாருக்கும் சாப்பிடத் தோன்றவில்லை.

டங், டங்.

அவள் நிமிர்ந்தாள். கரண்டி கிரில்லில் படும் சத்தம். அவள் கரண்டி ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

டங், டங்.

கதவைத் திறந்து வாசலில் வந்து நின்றாள். எதிரே, பச்சைக் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் ஒரு குழம்புக் கரண்டியோடு திருச்செல்வம் நின்றிருந்தார். தோளில் துண்டு. அதை எடுத்துப் போட்டுக்கொள்ளத்தான் உள்ளே போயிருக்கிறார். துண்டில்லாமல் அந்த வாசலில் நின்று பேசி அவருக்குப் பழக்கமில்லை.

இருவருக்கும் நடுவே, முன்பு கால்வாய் ஓடிய இடத்தில், தாமான் முழுவதும் நின்றது. அப்புசாமி கையில் பொன்னாடை. மேசைமேல் ஏறி நின்ற திவ்யாவின் கையில் கைப்பேசி. அந்நேரம் பார்த்து லூபோக் சீனா பேருந்து வந்து நின்று, இறங்கிய சனமெல்லாம் பையும் குடையுமாகப் பந்தல் ஓரத்தில் தயங்கி நின்றது. முனியாயி அவர்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

"உங்ககிட்ட ஒன்னு கேக்கணும்" என்றார் திருச்செல்வம்.

"கேளுங்க."

"இப்ப..."

"இப்ப இல்லன்னு மட்டும் சொல்லிறாதீங்க" என்றாள் கலைமகள். குரலில் பாதி சிரிப்பு, பாதி அழுகை.

சந்து சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் அவர் தோள்கள் இறங்கின. துண்டை ஒரு முறை சரிசெய்துகொண்டார்.

"இல்ல. இப்பத்தான். ஸ்டேஷன் வந்தாச்சு. வந்து நாளும் ஆச்சு. சொன்ன சொல்லக் காப்பாத்தாதவன் இந்தத் தாமான்ல நான் ஒருத்தன்தான். வூட்டப் பாத்துக்க ஆள் வேணும்னு கேக்கல. சோத்துக்காகக் கேக்கல. திவ்யா வளந்துட்டா, அவளுக்காகவும் கேக்கல. எனக்காகக் கேக்குறேன்."

ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்னக் கட்டிக்கிறீங்களா, கலை?"